மேட்ரன் விலகிவிட்டார், அடுத்து யாரை வைப்பது? (முதியோர் இல்ல நிர்வாகம்)

அம்லாசிக்காரன் | செவ்வாய், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். டர்பனின் தென்பக்கத்தில் நம்மவர்கள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இவ்வாண்டு என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கோயில் கமிட்டியில் பல காலம் இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் ஃப்ரெயில் கேர் பிரிவில், பிறர் துணையின்றி எழ முடியாதவர்கள்.

சென்ற மாதம், இல்லத்தின் அன்றாடப் பொறுப்பைப் பார்த்த மேட்ரன் விலகிவிட்டார். அவருக்கு முன்பிருந்தவரும் நெடுநாள் நிற்கவில்லை. இப்போது குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரை வைக்கலாம், கணக்கு ஒழுங்காக இருந்தால் மற்றதெல்லாம் தானே ஒழுங்குக்கு வரும் என்கிறார் தலைவர். நர்சிங் படித்தவர்தான் வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். நான் எந்தப் பக்கம் கை தூக்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இல்லத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர் | செவ்வாய், இரவு 9.25

தம்பி, அடுத்தவரைத் தேடும் முன் ஒன்று கேட்கிறேன். போனவர் ஏன் போனார் என்று உங்கள் குழுவில் யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசினீர்களா?

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிறகு ஃப்ரெயில் கேரில் இருந்தவள். மேட்ரன்கள் சம்பளத்துக்காக விலகுவது குறைவு. தலைவர் நேரடியாகச் சமையலறைக்கு போன் போட்டு இன்று பருப்புக்குப் பதில் சாம்பார் வையுங்கள் என்பார். நன்கொடை கொடுத்தவரின் மனைவி வந்து என் மாமியாரை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்று என்று பராமரிப்பாளரிடம் சொல்வார். பொருளாளர் ஓவர்டைமை வெட்டுவார். ஆனால் யாருக்காவது படுக்கைப்புண் வந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் மேட்ரன். பத்து மாமியார் உள்ள வீட்டுக்கு எந்த மருமகளைக் கொண்டுவந்தாலும் அவள் தாய்வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பாள்.

வங்கி மேலாளரா நர்ஸா என்பது இரண்டாவது கேள்வி. வருகிறவருக்கு என்ன அதிகாரம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுத்தில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை, லெனேசியா | செவ்வாய், இரவு 10.10

சிஸ்டர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியில் எனக்குப் பயம். முழு அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் குழு வருடத்துக்கு இரண்டு முறை தேநீர் குடிக்கக் கூடினால் என்ன ஆகும் என்பதை ஜோஹானஸ்பர்க் பக்கம் பார்த்திருக்கிறேன். முதியவர்களின் சாசா அட்டைகளை, அதாவது அரசு உதவித்தொகை வரும் அட்டைகளை, அலுவலக இழுப்பறையில் ரகசிய எண்ணோடு சேர்த்து வைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு கைச்செலவுக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்குக் கையெழுத்துப் பதிவேடே கிடையாது.

லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் அறிக்கையும் கணக்கும் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பதிவு ரத்தாகலாம். அரசு மானியம் வாங்கும் இல்லம் என்றால் அதன் பிறகு பிழைப்பது கடினம். இதற்கெல்லாம் பொறுப்பு குழுவுடையது. ஆகவே செலவுக்கு இரண்டு கையெழுத்து என்ற விதியைத் தளர்த்தாதீர்கள்.

தோங்காட் மகள் | புதன், காலை 6.15

இரண்டு கையெழுத்து விதியைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும், ஐயா.

என் அம்மா ஓர் இல்லத்தில் இருந்தார். 2022, 2023இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த இல்லத்தில் ஜெனரேட்டர் இருந்தது, ஒருநாள் டீசல் தீர்ந்துவிட்டது. காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் இந்தியாவுக்கு யாத்திரை போயிருந்தார், இன்னொருவர் போனை எடுக்கவில்லை. அப்போதிருந்த மேலாளருக்குத் தன் பொறுப்பில் ஒரு கேன் டீசல் வாங்கும் அதிகாரம்கூட இல்லை.

விளக்கு இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி ஏற்றலாம். அம்மா படுத்திருந்தது காற்று மெத்தையில். மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் மெத்தை மெல்ல மெல்லத் தட்டையாகிவிடும், பிறகு உடம்பு கட்டிலின் இரும்புச் சட்டத்தில்தான் கிடக்கும். அடுத்த அறையில் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நம்பி இருந்த தாத்தாவுக்கு ஒரு பராமரிப்பாளர் ஓடிப்போய் பக்கத்துக் கிளினிக்கில் சிலிண்டர் கடன் வாங்கி வந்தார். அந்தப் பெண்ணுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் வளாகத்தை விட்டு வெளியேறியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அம்மாவின் இடுப்பில் புண் வந்தது. ஆறுவதற்கு மாதங்கள் ஆயின.

கணக்கு அங்கே மிக ஒழுங்காகத்தான் இருந்தது.

நெறியாளர் | புதன், காலை 7.05

இந்த இழை நன்றாகப் போகிறது. எந்த இல்லத்தின் பெயரையும், ஊழியர் பெயரையும் போட வேண்டாம் என்பதை நினைவூட்டுகிறேன். தனிமடலில் கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை, லெனேசியா | புதன், காலை 8.30

தங்கச்சி, படித்ததும் மனம் கனத்துவிட்டது. இதற்கு வழி இருக்கிறது. மேலாளர் தன் கையெழுத்தில் மட்டும் செலவழிக்கக்கூடிய ஒரு வரம்பைக் குழு தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். டீசல், ஆக்ஸிஜன், மருந்து, நாப்பி (டயபர்), இரவில் திடீரென்று கூப்பிடும் மாற்று நர்ஸுக்குக் கூலி ஆகியவற்றுக்கு முன்னனுமதியே வேண்டாம், ரசீதை மறுநாள் கொடுத்தால் போதும் என்று வைக்கலாம். பெரிய கொள்முதலுக்கு இரண்டு கையெழுத்து அப்படியே இருக்கட்டும்.

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர் | புதன், காலை 11.50

பிள்ளைவாள், அதை அச்சடித்து எல்லா இல்லங்களுக்கும் அனுப்புங்கள்.

மெத்தை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். மெத்தை எவ்வளவு உயர்ந்ததானாலும், புரள முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்பது நாங்கள் படித்த கணக்கு. கனமான உடம்பு என்றால் இரண்டு பேர் வேண்டும். இரவில் ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு பராமரிப்பாளர் என்றால் புரட்டல் அட்டையில் டிக் விழும், உடம்பு புரளாது. அந்தப் பெண் பொய் எழுதுகிறாள் என்று திட்டுவது எளிது. எழுத வைத்தது பணிப்பட்டியலைப் போட்டவர்.

அம்லாசித் தம்பி, நாளைக்கே போய்ச் சம்பவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐம்பது முதியவர்கள் இருக்கும் இடத்தில் மூன்று மாதமாக யாரும் விழவில்லை என்று அது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். விழுந்ததை எழுதினால் வேலை போய்விடும் என்று ஊழியர்கள் அஞ்சுகிறார்கள். நல்ல மேலாளர் வந்தால் முதல் சில மாதங்களில் அந்த எண்ணிக்கை கூடும். அதைப் பார்த்துப் பதறி "இவர் வந்த பிறகுதான் எல்லாரும் விழுகிறார்கள்" என்று சொல்கிற உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை அடக்குவது உங்கள் வேலை.

பிறகு, எந்த நேரத்தில் விழுகிறார்கள் என்று பாருங்கள். நான் இருந்த இடத்தில் விடியற்காலையில்தான் அதிகம். காரணம் தேடியபோது தெரிந்தது: காலை ஏழு மணிக்குப் பகல் ஷிப்ட் வரும்போது எல்லாரும் குளித்து உடுத்தித் தயாராக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அதனால் இரவுப் பணியாளர்கள் நான்கு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டத் தொடங்குவார்கள். தூக்கக் கலக்கம், ஈரத் தரை, ஒருவரைக் குளிப்பாட்டும்போது மற்றவரைப் பார்க்க ஆளில்லை. டிசம்பரில் பரவாயில்லை, ஜூலை மாதத்து மாரிட்ஸ்பர்க் குளிரில் எண்பது வயதுக்காரரை நான்கு மணிக்கு எழுப்புவது யாருடைய சௌகரியத்துக்கு? புதிதாக வந்த மேலாளர் அதைக் கேட்டார். பகல் பணியாளர்களுக்குக் கோபம் வந்தது, எங்கள் மேல் வேலையைத் தள்ளுகிறார் என்றார்கள். அவர் அவர்களோடு சண்டை போடவில்லை. இரண்டு வாரம் தானே ஆறரைக்கு வந்து ஷிப்ட் மாறும்போது நின்றார். யார் தானாக விடியலில் எழுகிறவர், யார் எட்டு மணி வரை தூங்குகிறவர் என்று ஒவ்வொரு முதியவரின் பழக்கத்தையும் எழுதிக் குளியலைப் பகல் முழுக்கப் பிரித்தார். சிலருக்கு மாலைக் குளியல். விழுவது குறைந்தது. தூக்க மாத்திரையும் சிலருக்குக் குறைந்தது என்பது நாங்கள் எதிர்பாராதது.

வங்கி மேலாளர் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறவராக இருக்க வேண்டும்.

பீனிக்ஸ் பாலா | புதன், மாலை 6.20

என் மனைவி ஓர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஆகவே நான் பேசுவது கீழ்ப்படியிலிருந்து.

குழுக்காரர்கள் எல்லாரும் சேவை என்ற சொல்லைக் காதலிக்கிறீர்கள். ஊழியர்களுக்குக் கூலியைப் பற்றிப் பேச வந்தால் "இது தர்ம ஸ்தாபனம்" என்று சொல்லி வாயை மூடிவிடுகிறீர்கள். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு 345 ராண்ட் சொச்சம். அதில் மினிபஸ் டாக்ஸிக்குப் போக வர எவ்வளவு போகிறது என்று உங்கள் தலைவரிடம் கேளுங்கள், தெரிந்திருக்காது.

இரவு வேலைக்குச் சட்டம் இருக்கிறது. அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 17ஆவது பிரிவு: மாலை ஆறுக்கும் காலை ஆறுக்கும் இடைப்பட்ட வேலைக்குக் கூடுதல் படி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே அந்நேரத்தில் போக்குவரத்து கிடைப்பதையும் முதலாளி உறுதிசெய்ய வேண்டும். மாலை ஷிப்ட் மாற்றத்தை ஏழரைக்கு இழுத்தால் க்வாமாஷூவுக்குப் போகிற பெண் கடைசி டாக்ஸியை விட்டுவிடுவாள். அதனால்தான் அவள் ஆறே முக்காலுக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்த்துவிட்டு "அர்ப்பணிப்பு இல்லை" என்கிறார்கள்.

2021 ஜூலைக் கலவரத்தின்போது டாக்ஸிகள் நின்றுவிட்டன, சாலைகளில் தடுப்பு, இந்திய வம்சாவளியினர் மிகுந்த எங்கள் பீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டது உலகுக்கே தெரியும். மனைவியின் இல்லத்தில் ஜூலு ஊழியர்களும் நம் ஊழியர்களும் வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கினார்கள். மேலாளரும் தங்கினார். அவரும் நாப்பி மாற்றினார். அந்த நாட்களில் அவர் செய்த இன்னொரு காரியத்தை மனைவி இன்றும் சொல்வாள்: ஒவ்வொரு மாலையும் ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளோடு பேசுவதற்கு அலுவலகத் தொலைபேசியைத் திறந்துவிட்டார். அங்கே இன்றுவரை ஊழியர்கள் அவ்வளவாக விலகுவதில்லை.

குன்றுக்குடி முருகேசன் | புதன், இரவு 7.45

நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து டர்பனில் இருப்பவன். ஒரு சந்தேகம். பெரிய இல்லங்களில் நிர்வாகத்துக்கு ஒருவர், நர்சிங்குக்கு ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்களே. அதைச் செய்தால் உங்கள் குழுவின் இரு கட்சியும் சமாதானமாகுமே?

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர் | புதன், இரவு 8.15

பணம் இருந்தால் செய்யலாம். ஆனால் நர்ஸை மேலாளருக்குக் கீழே வைத்தால், இந்தப் பிரிவுக்கு இரவில் இன்னோர் ஆள் வேண்டும் என்று நர்ஸ் சொல்லும்போது யாருடைய சொல் நிற்கும் என்று தெளிவாக எழுத வேண்டும். முதியவரின் பாதுகாப்பு பற்றி நர்ஸ் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கை நேராகக் குழுவின் மேசைக்கு வர வழி இருக்க வேண்டும். மேலாளர் அதை இழுப்பறையில் போடக் கூடாது.

வழக்கறிஞர் வி. | புதன், இரவு 9.30

சிஸ்டர் கடைசியாகச் சொன்னதற்காகவே உள்ளே வருகிறேன். லைஃப் எசிடிமேனியை நினைத்துப் பாருங்கள். அது முதியோர் இல்லமல்ல, மனநல நோயாளிகள் இருந்த இடம். ஆனாலும் நிர்வாகம் எப்படிக் கொல்லும் என்பதற்கு இந்நாட்டில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. செலவைக் குறைப்பதாகச் சொல்லி 2015இல் கவுடெங் மாகாணம் ஒப்பந்தத்தை முடித்தது. நோயாளிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். அவற்றில் 27 நிறுவனங்களின் உரிமங்கள் செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மகோபாவின் 2017ஆம் ஆண்டு அறிக்கை கண்டது. 144 பேர் இறந்தார்கள். குடும்பங்களும் அமைப்புகளும் முன்கூட்டியே எச்சரித்தன, நீதிமன்றம்வரை போயின. எச்சரிக்கை இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

இனி முதியோருக்கான சட்டம். 2006ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வசிக்கும் இல்லத்தில் குடியிருப்போர் குழு இருந்தாக வேண்டும். நம் இல்லங்கள் பலவற்றில் இது காகிதத்தில் மட்டுமே இருக்கும், அல்லது நன்றாகப் பேசும் இரண்டு தாத்தாக்களை வைத்து ஒப்பேற்றுவார்கள். இல்லத்தின் நிதி நிலைமையையும் நிர்வாகத்தில் ஏற்படும் மாற்றத்தையும் அறிந்துகொள்ளும் உரிமை அங்கே வசிப்பவர்களுக்கு உண்டு. அம்லாசி அண்ணா, மேட்ரன் போய்விட்டதை உங்கள் முதியவர்களுக்கு யார், எப்போது சொன்னார்கள்? வேறு இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்.

கொடுமை நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாகச் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். "முதலில் குழு விசாரிக்கும், பிறகு பார்க்கலாம், வெளியே தெரிந்தால் இல்லத்துக்குக் கெட்ட பெயர்" என்று சொல்லும் தலைவர் தானே குற்றவாளி ஆகிறார்.

அம்லாசிக்காரன் | புதன், இரவு 10.05

உண்மையைச் சொன்னால், யாரும் சொல்லவில்லை. அங்கே வசிக்கும் ஆயா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "மேட்ரனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நாளை காலை போகிறேன்.

கூழ்க்காரி | வியாழன், பிற்பகல் 1.10

சட்டம், கணக்கு எல்லாம் பேசிவிட்டீர்கள். நான் விருந்தாளிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

ஜூலை 18, மண்டேலா தினம். மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்துச் செய்யும் 67 நிமிட சேவைக்காக ஊரே இல்லத்துக்குப் படையெடுக்கும். காலையில் ஒரு கம்பெனி, மதியம் ஒரு பள்ளிக்கூடம், மாலை ஒரு கட்சி. ஒரே நாளில் மூன்று பிரியாணி. நினைவு தடுமாறும் ஆயாவின் மடியில் போர்வையைப் போர்த்திப் படம் எடுத்து, அவர் ஒப்புதல் கேட்காமலே ஃபேஸ்புக்கில் போடுவார்கள். மறுநாள் வயிற்றுப்போக்குக்கு மருந்து தேட வேண்டும், படம் எடுத்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டிகளும் சர்க்கரை நோயாளிகளும் தனிக் கதை. நான் பார்த்த சிறந்த மேலாளர் ஒரு நாள்காட்டியைச் சுவரில் மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு விருந்தாளிக் கூட்டம்தான் என்றார். "ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள், அன்று யாரும் வருவதில்லை" என்று கம்பெனிக்காரரிடமே சொன்னார். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், சிலர் ஆகஸ்டில் வந்தார்கள்.

புரட்டாசி இன்னொன்று. மாதம் முழுக்க இல்லத்துச் சமையலறையில் இறைச்சி கிடையாது, முதியவர்களில் பெரும்பாலோர் விரும்புவதும் அதுதான். ஆனால் ஒரு குழு உறுப்பினர் ஊழியர் அறைக்குள் போய் ஜூலுப் பெண் ஒருத்தியின் கோழிக்கறி டப்பாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். அன்று மாலை ஷிப்டுக்கு நான்கு பேர் வரவில்லை. மேலாளர் ஊழியர் அறைக்குத் தனிக் குளிர்பெட்டியும் மேசையும் போட்டு, அந்த உறுப்பினரை அழைத்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். குழு உறுப்பினரிடம் இப்படிச் சொல்லத் துணிகிறவரை உங்கள் தலைவர் வேலைக்கு வைப்பாரா என்பதுதான் என் கேள்வி.

கணக்குப்பிள்ளை, லெனேசியா | வியாழன், பிற்பகல் 2.00

வைக்கமாட்டார். வைத்தாலும் அடுத்த பொதுக்குழுவரைதான்.

தோங்காட் மகள் | வியாழன், மாலை 5.35

எல்லாரும் அவ்வளவு நம்பிக்கை இழக்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போய், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போது அம்மாவின் இல்லத்தில் வேறொரு மேலாளர் இருந்தார், டீசல் கதையில் வருகிறவர் அவருக்குப் பிறகு வந்தவர். வெள்ளத்தின்போது இருந்தவர் முதல் வேலையாகக் குடும்பத்தார் அனைவரையும் அழைத்தார். ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, துவைக்க எவ்வளவு போகிறது, லாரி வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். பிறகு துணிகளை நாங்கள் முறை வைத்து வெளியூர் உறவினர் வீடுகளில் துவைத்துக் கொண்டுவந்தோம். சமாளித்துவிடலாம் என்று மழுப்பியிருந்தால் நாங்கள் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்போம். மறுவருடம் குழு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, சம்பளம் அதிகமாம்.

அம்லாசிக்காரன் | ஞாயிறு, இரவு 9.00

போய்ப் பார்த்தேன். சிஸ்டர் சொன்னபடி பதிவேட்டைக் கேட்டேன். மூன்று மாதத்தில் இரண்டு பதிவு. தாழ்வாரத்தில் நடந்து வந்தபோது கையில் கட்டும் நெற்றியில் காயமுமாக நான் பார்த்தவர்களே அதைவிட அதிகம். இரவில் ஃப்ரெயில் கேருக்கு ஒரே ஒருவர்.

நேற்றுக் கூட்டத்தில் கொஞ்சம் நகர்ந்தது. மேலாளரின் அவசரச் செலவு வரம்பு தீர்மானமாகிவிட்டது. பொருளாளரே முன்மொழிந்தார், டீசல் கதையை அவரிடம் காட்டியிருந்தேன். முதியவர்களைக் கூட்டிப் பேசினோம். மேட்ரன் போனதைவிட, தேநீர் மூன்று மணிக்குப் பதில் இரண்டு மணிக்கு ஆறிப்போய் வருவதுதான் அவர்களுக்குப் பெரிய குறை. சமையலறைக்கு நேரடியாகப் போன் போடுவதை நிறுத்தத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை, "நான் உரிமையோடு கேட்கிறேன்" என்கிறார். இரவுக்கு இரண்டாவது ஆள் வைக்கப் பணம் பற்றி இன்னும் முடிவில்லை. வங்கி மேலாளரும் நர்ஸ் ஒருவரும் நேர்காணலுக்கு வருகிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி, கோயில் மண்டபத்தில். என்ன கேட்பது?

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர் | ஞாயிறு, இரவு 9.40

மண்டபத்தில் வேண்டாம், இல்லத்திலேயே வையுங்கள். காலை பத்தும் வேண்டாம், மாலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறுவதை இருவரும் நின்று பார்க்கட்டும். பிறகு அந்த இரவின் பணிப்பட்டியலைக் கையில் கொடுத்து, ஒருவர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். யார் முதியவர்களிடம் பேசினார், யார் உங்கள் தலைவரிடம் மட்டும் பேசினார் என்பதையும் கவனியுங்கள்.

பீனிக்ஸ் பாலா | ஞாயிறு, இரவு 9.55

ஏழரைக்குள் முடியுங்கள், அண்ணா. பகல் ஷிப்ட்காரர்களைக் கேள்வி கேட்க நிறுத்தி வைத்தால் அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு நிறுத்துங்கள்.